ஒரே புகை, ஒரே தூசி, வேறு வேறு நுரையீரல்

1963. ஸ்வீடனின் மால்மோ நகரில் கார்ல்-பெர்டில் லாரெல் என்ற ஆய்வாளர் நோயாளிகளின் ரத்தப் பரிசோதனைக் கீற்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தத்தின் தெளிநீரில் மின்சாரம் பாய்ச்சினால் அதிலுள்ள புரதங்கள் பிரிந்து பட்டை பட்டையாகப் படியும். சுமார் 1500 கீற்றுகளில் ஐந்தில் மட்டும் 'ஆல்ஃபா-1' பட்டை இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. சோதனையில் ஏதோ கோளாறு என்று ஒதுக்கியிருக்கலாம். அவர் ஒதுக்கவில்லை. ஸ்டென் எரிக்சன் என்ற இளம் மருத்துவரோடு சேர்ந்து அந்த ஐந்து பேரின் உடல்நிலையை ஆராய்ந்தார். மூன்று பேருக்கு, அதுவும் இளம் வயதிலேயே, எம்ஃபிசீமா இருந்தது.

எம்ஃபிசீமா என்பது நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் சுவர் கரைந்து ஒன்றோடொன்று கலந்துவிடும் நோய். ஆரோக்கியமான காற்றறை ஊதிய பலூன் மாதிரி தானாகவே சுருங்கிக் காற்றை வெளியே தள்ளும். அந்த இழுவிசையைத் தருவது எலாஸ்டின் என்ற நார். அது போய்விட்டால் நுரையீரல் தொளதொளத்துவிடும். இழுத்த மூச்சை வெளியே விடுவதே பெரும்பாடாகிவிடும்.

சரி, எலாஸ்டினை யார் தின்கிறார்கள்? நம்முடைய காவலர்களேதான். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் கிருமிகளைச் சிதைப்பதற்காக எலாஸ்டேஸ் என்ற நொதியைக் கையில் வைத்திருக்கின்றன. கிருமியை வெட்டும் கத்தி அக்கம்பக்கத்து நாரையும் வெட்டும். அந்தக் கத்திக்கு உறையாக இருப்பதுதான் காணாமல் போயிருந்த புரதம்: ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின். (டிரிப்சின் என்ற வேறொரு நொதியைத் தடுப்பதைப் பார்த்து வைத்த பெயர். நுரையீரலில் அதன் முக்கிய வேலை எலாஸ்டேஸை அடக்குவது. தப்பான பெயர்தான், ஆனால் ஒட்டிக்கொண்டுவிட்டது.)

இந்தப் புரதம் பெரும்பாலும் கல்லீரலில் தயாராகி, ரத்தத்தில் பயணித்து நுரையீரலுக்கு வருகிறது. இதற்கான மரபணு 14ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அதில் ஒரே ஒரு எழுத்து மாறினால், புரதம் என்ற அமினோ அமிலச் சங்கிலியின் 342ஆவது கண்ணியில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் லைசின் வந்து உட்கார்ந்துவிடும். விளைவு, புரதம் சரியாக மடியாது. மடியாதவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கல்லீரல் செல்லுக்குள்ளேயே தேங்கிவிடும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்தப் பிழையைப் பெற்றவருக்குக் கல்லீரலில் தேக்கம், நுரையீரலில் பஞ்சம்.

இதில் சிகரெட் செய்யும் வேலை இன்னும் கொடுமையானது. புகை நியூட்ரோஃபில்களை நுரையீரலுக்குக் கூட்டம் கூட்டமாக வரவழைக்கிறது. கூடவே, ஆன்டிட்ரிப்சினில் எலாஸ்டேஸைப் பிடிக்கும் இடத்தில் உள்ள மெத்தியோனின் என்ற கண்ணியை ஆக்சிஜனேற்றம் செய்து, அதைச் செயலிழக்க வைக்கிறது. கத்திகள் கூடும், உறைகள் கெடும். மரபணு ஒழுங்காக உள்ளவருக்கும் சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வருவதற்கு இது ஒரு முக்கிய வழி. பிழையோடு பிறந்தவர் புகைத்தால் அந்தச் சேதம் பல ஆண்டுகள் முந்திக்கொண்டு வரும்.

ஆஸ்துமாவிலும் இப்படி ஒற்றைக் குற்றவாளி கிடைத்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! கிடைக்கவில்லை. குடும்பத்தில் ஓடும் நோய் என்பது பழைய அனுபவம். ஆனால் அச்சு அசலான இரட்டையரில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் இருப்பதும் உண்டு. 2007இல் 17ஆவது குரோமோசோமின் ஒரு பகுதி, குழந்தைப் பருவ ஆஸ்துமாவோடு தொடர்புடையது எனத் தெரியவந்தது. இன்று அப்படிப்பட்ட இடங்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டிவிட்டது. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சமே கூட்டும்.

ஆனால் பட்டியலைப் பார்த்தால் ஒன்று புலப்படும். இந்த மரபணுக்களில் பல, மூச்சுக்குழாயின் உள்சுவர் செல்களில் வேலை செய்பவை. ஆஸ்துமாவை நோயெதிர்ப்பு அணுக்களின் அட்டகாசமாக மட்டுமே பார்த்துப் பழகிய எனக்கு இது பெரிய திருப்பமாகப் பட்டது. உதாரணத்துக்கு சிடிஹெச்ஆர்3 மரபணு. அது உருவாக்கும் புரதம், ரைனோவைரஸ்-சி என்ற ஜலதோஷக் கிருமி செல்லுக்குள் நுழைய உதவும் கைப்பிடி. மரபணுவின் ஒரு வகை அந்தக் கைப்பிடிகளைச் செல்லின் மேற்பரப்பில் அதிகமாக நட்டுவைக்கிறது. ஒரு குழந்தைக்கு மூக்கோடு நின்றுவிடும் சளி, இன்னொரு குழந்தைக்கு மார்பில் இறங்கி வீசிங் ஆவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உள்சுவர் வெறும் சுவரல்ல, அபாயச் சங்கும் அதுதான். தூசிப்பூச்சி, மகரந்தம், வைரஸ் எது உரசினாலும் டிஎஸ்எல்பி, இன்டர்லூக்கின்-33 போன்ற செய்திப் புரதங்களை அது வெளியிடுகிறது. சங்கு எவ்வளவு எளிதில் ஒலிக்கும் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு. அதைக் கேட்டு விழிக்கும் நோயெதிர்ப்பு அணுக்கள் மூன்று ஆணைகளை அனுப்புகின்றன. இன்டர்லூக்கின்-4, ஐஜிஇ என்ற எதிர்ப்புரதத்தைத் தயாரிக்கச் சொல்கிறது. இன்டர்லூக்கின்-5, ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்களைப் பெருக்குகிறது. இன்டர்லூக்கின்-13, சளியைக் கூட்டி, மூச்சுக்குழாய்த் தசையை எதற்கெடுத்தாலும் சுருங்கும்படி ஆக்குகிறது. குடற்புழுக்களை விரட்டுவதற்கு உதவும் ஏற்பாடு இது. மகரந்தத்தின் மேல் பாய்வது வீண் போர்.

ஐஜிஇ போய் மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்களின் மேல் ஒட்டிக் காத்திருக்கும். அடுத்த முறை அதே தூசி வந்தால் சில நிமிடங்களில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் கொட்டும், மூச்சுக்குழாய் இறுகும். பலருக்குச் சில மணி நேரம் கழித்து ஈசினோஃபில்கள் தலைமையில் இரண்டாவது அலையும் வரும். சட்டென்று நிவாரணம் தரும் இன்ஹேலர் தசையைத் தளர்த்துமே தவிர உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. அதனால்தான் ஆஸ்துமாவுக்கு அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று 2019இல் ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டி சொன்னது. ஆஸ்துமா உள்ள பெரியவர்கள், வளரிளம் பருவத்தினர் எல்லோருக்கும் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் வேண்டும் என்கிறது.

சூழலின் பங்குக்கு ஒரு நல்ல சான்று அமெரிக்காவில் கிடைத்தது. ஆமிஷ், ஹட்டரைட் என்ற இரு விவசாயச் சமூகங்களின் மரபுவழி ஏறக்குறைய ஒன்றே. ஆனால் 2016இல் வெளியான ஆய்வின்படி, ஆமிஷ் பள்ளிக் குழந்தைகளில் சுமார் 5 சதவீதத்தினருக்கும் ஹட்டரைட் குழந்தைகளில் சுமார் 21 சதவீதத்தினருக்கும் ஆஸ்துமா. ஆமிஷ்கள் மாட்டையும் குதிரையையும் வைத்துப் பழைய முறையில் விவசாயம் செய்பவர்கள். தொழுவம் வீட்டுப் பக்கத்திலேயே. ஹட்டரைட்டுகளுடையது இயந்திரப் பண்ணை. ஆமிஷ் வீட்டுத் தூசியை எலிகளின் மூக்கில் விட்டபோது அவற்றுக்கு ஆஸ்துமா போன்ற எதிர்வினை அடங்கியது.

அப்புறம் மெப்போலிசுமாப் கதை. இன்டர்லூக்கின்-5ஐப் பிடித்து முடக்கும் மருந்து. தொடக்க கால ஆய்வுகளில் அதைப் போட்டதும் ரத்தத்தில் ஈசினோஃபில்கள் மளமளவெனக் குறைந்தன, நோயாளிகளுக்கோ சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை. மருந்து தோற்றது என்றுதான் பலரும் நினைத்தார்கள். பிறகு, சளியில் ஈசினோஃபில் அதிகமுள்ள கடுமையான ஆஸ்துமாக்காரர்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2009இல் வந்த முடிவுகளில் நோய் முற்றும் தருணங்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. 2015இல் அமெரிக்காவில் ஒப்புதலும் கிடைத்தது. முதலில் நடந்த தவறு, வெவ்வேறு கோளாறுகளுக்கு ஆஸ்துமா என்ற ஒரே பெயரை வைத்து எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தியதுதான்.

இப்போது அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டியும் பார்க்கிறார்கள். இன்டர்லூக்கின்-4, 13 இரண்டின் ஆணையையும் ஒருசேரத் தடுக்கும் டுப்பிலுமாப், ஆஸ்துமாவுக்கு 2018இல் ஒப்புதல் பெற்றது. 2024இல் அதே மருந்து சிஓபிடிக்கும் வந்துவிட்டது. எல்லா சிஓபிடி நோயாளிகளுக்கும் அல்ல, ரத்தத்தில் ஈசினோஃபில் கூடுதலாக உள்ளவர்களுக்கு மட்டும்.