ஜாமீன் கையெழுத்துக்கு முன் நீதிமொழிகளைத் திறந்து பாருங்கள்

சபைக்குள் ஒருவருக்கொருவர் கடனுக்கு ஜாமீன் போட்டு மாட்டிக்கொண்டவர்களின் வழக்குக் கட்டுகள் ஈரோட்டில் வக்கீலான என் மேசைக்கு வருவது புதிதில்லை. ஆனால் கடைசியாக வந்ததைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கோபி பக்கம் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை. ஜெபக்குழுவில் பழக்கமான தம்பி ஒருவர், விசைத்தறி ஓட்டுகிறவர், சீட்டு எடுத்திருக்கிறார். "உங்க சம்பள சர்டிபிகேட் ஒண்ணு இருந்தாப் போதுங்க்கா" என்று கேட்டார், இவரும் அதைக் கொடுத்து ஜாமீன் கையெழுத்தும் போட்டுவிட்டார். சீட்டுப் பணம் கைக்கு வந்தபின் தம்பி தவணையை நிறுத்திக்கொண்டார். இப்போது ஆசிரியையின் சம்பளத்தில் ஜப்தி. முதல் ஆயிரம் ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும்தான் சட்டம் அவருக்கு விட்டுவைக்கிறது. "பணம் வாங்குனது அவருங்க, எனக்கு எதுக்குங்க பிடிக்கறாங்க?" என்று கேட்டார்.

படித்தவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். ஜாமீன் என்றால் சாட்சிக் கையெழுத்து மாதிரி ஒன்று, கடன் வாங்கியவரிடம் கடைசிக் காசு வரை கறந்து முடித்த பிறகுதான் நம் வீட்டுக்கு வருவார்கள் என்று நினைக்கிறார்கள். தவறு. முழுத் தவறு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: கடனாளிக்கு எவ்வளவு பொறுப்போ, ஜாமீன்தாரருக்கும் அவ்வளவே பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய இதில் மாற்றமில்லை. அப்படி எழுதிக்கொடுக்கும் பைனான்ஸை நான் பார்த்ததில்லை. "முதலில் அவரிடம் வசூலியுங்கள், அப்புறம் என்னிடம் வாருங்கள்" என்ற வாதத்தை, பேங்க் ஆஃப் பீஹார் வழக்கில் 1968-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஜாமீன் வாங்குவதே வசூலுக்காகத்தான், அதைத் தள்ளிப்போடச் சொன்னால் ஜாமீனுக்கே அர்த்தமில்லை என்பது தீர்ப்பின் சாரம். எனவே யாரைப் பிடிப்பது சுலபமோ அவரைப் பிடிப்பார்கள். தறி ஏற்கெனவே அடமானத்தில் இருக்கும். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறவர் நீங்கள்தான்.

சட்டம் தெரியாததைக்கூட மன்னித்துவிடலாம். வேதத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்குவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "கடன் கேட்கிறவனுக்கு முகங்கோணாதே என்று ஆண்டவர் சொன்னாரே", "இயேசுவே நமக்குப் பிணையாளி, நீங்க யோசிக்கலாமா பிரதர்" என்று கேட்டால் நம் ஆட்கள் வாயடைத்துப்போகிறார்கள்.

சரி, வேதத்தையே பார்ப்போம். முகங்கோணாதே என்பது உங்கள் கையில் இருப்பதைக் கொடுப்பதைப் பற்றியது. மூன்றாம் ஆளிடம் போய், உங்களிடம் இல்லாத தொகைக்கு உத்தரவாதம் எழுதிக்கொடுப்பதைப் பற்றிப் பழைய ஏற்பாட்டின் நீதிமொழிகள் புத்தகம் தனியாகவே பேசுகிறது, அதுவும் திரும்பத் திரும்ப: 6, 11, 17, 22-ஆம் அதிகாரங்களில். "செலுத்த உனக்கு ஒன்றுமில்லாதிருந்தால்", நீ படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொள்வார்கள் என்கிறது 22:27. பேதை எந்த வார்த்தையையும் நம்புவான், விவேகி தன் நடையின்மேல் கவனமாயிருப்பான் என்கிறது 14:15. அன்பு குறைந்தவன் என்று அங்கே விவேகியை யாரும் ஏசவில்லை.

பிணை நின்றவர்களும் வேதத்தில் உண்டுதான். அடிமை ஒநேசிமுவுக்காக அவனுடைய எஜமான் பிலேமோனுக்குப் பவுல் எழுதினார்: அவன் உமக்குக் கடன்பட்டிருந்தால் என் கணக்கிலே வைத்துக்கொள்ளும், நானே செலுத்தித் தீர்ப்பேன். அவன் கட்டிவிடுவான் என்று பவுல் எழுதவில்லை. தான் கட்டுவதாகவே எழுதினார், அதுவும் சொந்தக் கையால். கிறிஸ்துவும் விலையை அறிந்து, முழுதும் செலுத்தியே பிணையாளியானார். உங்களிடம் படிவத்தை நீட்டுகிறவர் கேட்பது அதுவல்ல. "சும்மா ஒரு பார்மாலிட்டிங்க" என்கிறார். பார்மாலிட்டிக்காக யாரும் உங்கள் பான் கார்டைக் கேட்க மாட்டார்கள்.

ஆகவே கையெழுத்துக்கு முன் ஒரே கேள்வி: அசல், வட்டி, செலவு எல்லாவற்றையும் நாளைக்கே நான் கட்ட வேண்டி வந்தால் கட்டுவேனா? கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று லூக்கா 14-ல் இருப்பதைத்தான் செய்யச் சொல்கிறேன். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள். உதவ மனம் இருந்தால், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, பெயரும் தொகையும் எழுதாத புரோநோட்டில், பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்து வாங்குவார்கள். அதைப் பூர்த்தி செய்ய நீங்களே அதிகாரம் கொடுத்ததாக மாற்றுமுறை ஆவணச் சட்டம் 20-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். தொகை எழுதாத காசோலை அதைவிட மோசம். ஜாமீன்தாரர் கொடுத்த காசோலை திரும்பினாலும் 138-ஆம் பிரிவில் வழக்கு நிற்கும் என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு ஆண்டு வரை சிறைக்கு இடமுள்ள பிரிவு அது.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? நீதிமொழிகள் 6 சொல்வதைவிட நல்ல ஆலோசனை என்னிடம் இல்லை: கண்ணுக்கு நித்திரை கொடாதே, போய் உன்னைத் தாழ்த்தி வருந்திக் கேள். இன்றைக்கே கடனாளி வீட்டுக்குப் போங்கள், பாக்கி எவ்வளவு என்று கம்பெனியில் எழுத்தில் வாங்குங்கள். பைனான்ஸில் புரளும் கணக்குக்குத் தொடர்ஜாமீன், அதாவது அவ்வப்போது எடுக்கும் பணம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஜாமீன், கொடுத்திருந்தால், இனிமேல் எடுக்கும் பணத்துக்கு நான் பொறுப்பில்லை என்று நோட்டீஸ் அனுப்பலாம். பழைய பாக்கி தீராது. "ரெனியூவல்" என்று புதுக் காகிதம் நீட்டினால் தொடாதீர்கள். நீங்களே கட்ட நேர்ந்தால் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வையுங்கள், கடனாளியிடம் திரும்பக் கேட்க ஒப்பந்தச் சட்டம் 145-ஆம் பிரிவு உண்டு. தயவுசெய்து வீட்டை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டு வந்து நிற்காதீர்கள். கோர்ட் அதை மோசடி மாற்றமாகப் பார்க்கும், நமக்கும் பொய் வாழ்க்கை வேண்டாம்.

சபை ஐயர்மாருக்கும் கமிட்டிப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "இந்தத் தம்பிக்கு யாராவது ஜாமீன் நில்லுங்கள்" என்று ஜெபக்கூட்டத்தில் எழுந்து சொல்லாதீர்கள். பத்துப் பேர் முன்னால் கேட்டால் மறுக்கத் தைரியம் வராது. உதவி தேவை என்றால் காணிக்கை எடுத்துக் கொடுங்கள். கையெழுத்துக் கேட்டு யாராவது வந்தால், முந்தின நாளே அந்தக் காகிதத்தை வக்கீல் ஒருவரிடம் காட்டச் சொல்லி அனுப்புங்கள். சபைக்காரர்கள் படிவத்தோடு வந்தால் நான் பீஸ் வாங்குவதில்லை.