இன்ஸ்டலேஷனுக்குத் தமிழில் என்ன சொல்?

இலங்கை மலையகத்து நம் பிள்ளைகள் சிலர் சிற்பம் படித்துவிட்டு வந்து "இன்ஸ்டலேஷன் செய்கிறேன்" என்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் அதைக் கேட்கிறவர்களுக்குக் கரண்டு வேலை என்றுதான் படுகிறது, அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை.

இடைக்கால லத்தீனில் 'ஸ்டல்லும்' (stallum) என்றால் இருக்கை, இடம். இன்ஸ்டலேஷன் என்ற சொல் அதிலிருந்து பிறந்தது. தேவாலயத்தில் ஒரு குருவை அவருக்குரிய இருக்கையில் அமர்த்திப் பதவி கொடுப்பதைத்தான் முதலில் இந்தச் சொல்லால் குறித்தார்கள், அப்புறம் இயந்திரம் பொருத்துவதற்கும் பரவி, 1960களுக்குப் பிறகு கலைக்குள் வந்தது. சிற்பத்தைச் சுற்றி வந்து பார்ப்போம், கட்டடத்துக்குள் போய் வாழ்வோம். இரண்டுக்கும் நடுவில், ஆள் உள்ளே நடந்து பார்க்கும்படி ஓர் இடத்தையே படைப்பாக்குவது இது.

கொரியக் கலைஞர் டோ ஹோ சு, சியோலில் தான் வளர்ந்த மரபு வீட்டை 1999இல் பட்டுத் துணியில் அளவு மாறாமல் தைத்துத் தொங்கவிட்டார். மடித்துப் பெட்டியில் வைத்து அடுத்த நாட்டுக்குக் கொண்டுபோகலாம். இதைப் படித்ததும் எனக்கு இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்தான் நினைவுக்கு வந்தது. இந்திய வம்சாவளித் தமிழர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்களே, போனவர்களில் யாரால் லயத்துக் காம்பராவையும் (வரிசை வீட்டு அறை) இஸ்தோப்பையும் (முன் திண்ணை) மடித்து எடுத்துப்போக முடிந்தது? நம் பிள்ளைகள் இந்தக் கலையைத் தேடிப் போவதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

சரி, தமிழ். சிலர் 'தாபனக்கலை' என்று எழுதுகிறார்கள். வடமொழியில் நிற்கவைத்தல் என்ற பொருள் சரிதான், ஆனால் தாபனம் என்றதும் நம் காதில் ஏதோ அலுவலகம் என்று விழுகிறது. 'நிர்மாணம்' என்றால் பாலம், ரோடு. 'நிறுவல்' நல்ல சொல். நில், நிறுத்து, நிறுவு எல்லாம் ஒரே குடும்பம்.

தோட்டத்தில் விளக்க இன்னொரு சொல் இருக்கிறது: காமன் ஊன்றுதல், அதாவது காமன் கூத்துக்குக் கம்பம் நடுவது. மாசியில் கம்பம் ஊன்றியதும் அந்த வெறும் இடம் வேறு இடமாகிவிடுகிறது, அங்கேதான் ஆட்டம், அங்கேதான் பாட்டு, கடைசியில் காமன் தகனம். கலைஞர் செய்வதும் இதையேதான் என்று சொன்னால் பெரியவர்களுக்கும் உடனே புரியும். எழுத்தில் 'ஊன்றல்' என்றால் விதை ஊன்றுவது முந்திக்கொள்ளும், அதனால் ஒரு படைப்பைக் குறிக்க நிறுவல், துறைக்கு நிறுவற்கலை, செய்பவர் நிறுவற்கலைஞர் என்றே நான் எழுதுகிறேன்.