மீட்டர் படிக்கப் போட்ட கேபிளில் பிரேக்கரும் இருக்கிறதா?

ஆலையின் எனர்ஜி மீட்டர்களை இணையத்தில் இணைப்பது இப்போது சாதாரண வேலை. ஃபீடர் (ஒவ்வொரு பகுதிக்கும் மின்சாரம் கொண்டுபோகும் தனி இணைப்பு) வாரியாக யூனிட், பவர் ஃபேக்டர், உச்சத் தேவை எல்லாம் கைபேசியிலேயே தெரிகிறது. பயனும் உண்டு, மறுக்கவில்லை. சிக்கல் வேறு இடத்தில். கேபிளை மிச்சப்படுத்த மீட்டரையும், பழுது வந்தால் பிரேக்கரைத் திறக்கவைக்கும் பாதுகாப்பு ரிலேயையும் ஒரே ஆர்.எஸ்.485 வரிசையில் (பல கருவிகளை ஒரே கம்பியில் தொடுக்கும் முறை) கோத்து, அதை இணையத்தோடு இணைக்கும் பெட்டியான ஒரே கேட்வேயில் முடித்துவிடுகிறார்கள். யூனிட் எண்ணைக் கேட்கப் போகும் வழியிலேயே பிரேக்கரைத் திறக்க, அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும் கட்டளையும் போகலாம் என்பது அப்போது யாருக்கும் தோன்றுவதில்லை.

இந்தக் கருவிகள் பெரும்பாலும் பேசும் மொழி மோட்பஸ். 1979இல் மோடிகான் நிறுவனம் தன் பி.எல்.சி.க்களுக்காக (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினிகள்) அதை வகுத்தது. கேட்பது யார் என்று அது விசாரிக்காது. கடவுச்சொல் கிடையாது, மறையாக்கமும் கிடையாது. அதன் கட்டளைகளுக்கு ஃபங்ஷன் என்று பெயர். ஃபங்ஷன் 03, 04 ரெஜிஸ்டரை, அதாவது கருவியில் எண் இருக்கும் இடத்தைப் படிக்கும். 06, 16 ரெஜிஸ்டரில் எழுதும். 05 காயிலை (ஆன்/ஆஃப் நிலை மட்டுமே கொண்ட இடம்) ஆன், ஆஃப் செய்யும். மோட்பஸுக்கான நெட்வொர்க் வாசலான கேட்வேயின் 502ஆம் போர்ட்டை எட்டிய எவரும் இவற்றில் எதையும் அனுப்பலாம். ரிலேயில் ரிமோட் கட்டளை அனுமதிக்கப்பட்டிருந்தால் அது தயங்காமல் பிரேக்கரை டிரிப் செய்யும்.

2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின் விநியோக நிறுவனங்களில் நடந்ததைப் பாருங்கள். அலுவலக மின்னஞ்சல் வழியாக உள்ளே வந்தவர்கள், திருடிய வி.பி.என். கணக்கைக் கொண்டு கட்டுப்பாட்டு அறைத் திரைக்குள் நுழைந்து பிரேக்கர்களைத் திறந்தார்கள். ஏறத்தாழ 2.25 லட்சம் நுகர்வோருக்கு மின்சாரம் நின்றது. அதோடு விடாமல், துணை மின்நிலையங்களில் சீரியலை ஈதர்நெட்டாக மாற்றும் கன்வெர்ட்டர்களின் ஃபர்ம்வேரையும் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) அழித்தார்கள். தொலைவிலிருந்து திரும்ப மூட வழி இல்லாமல் ஊழியர்கள் நேரில் போய்க் கையால் மூடினார்கள். அதனால்தான் சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது. உங்கள் பேனலிலும், பிரேக்கரை அருகிலிருந்து இயக்குவதா தொலைவிலிருந்தா என்று தேர்வு செய்யும் லோக்கல்/ரிமோட் ஸ்விட்ச் லோக்கலில் இருக்கும்போது ரிமோட் சர்க்யூட் வயரிங்கிலேயே அறுபட வேண்டும். சாஃப்ட்வேரில் வைத்த லோக்கலை நம்ப முடியாது.

முதலில் பேனலுக்குள் இருக்கும் 4ஜி ரௌட்டரைத் தேடுங்கள். சர்வீஸ் வசதிக்கென்று யாரோ வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அதில் பொது ஐ.பி. முகவரியும் 502க்குத் திறந்துவிட்ட போர்ட்டும் இருந்தால் அன்றே கழற்றுங்கள். உங்கள் பொது முகவரியை வெளியிலிருந்து சோதித்தால் இது தெரிந்துவிடும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஆலையின் உள் நெட்வொர்க்கில் போர்ட் ஸ்கேனரை ஓட்டாதீர்கள். பழைய ரிலேயும் பி.எல்.சி.யும் அதிலேயே உறைந்து நின்றுவிடக்கூடும்.

மீட்டர்களுக்குத் தனி கேட்வே வேண்டும். அது படிக்க மட்டும் அனுமதிக்கட்டும்; எழுதும் ஃபங்ஷன்கள் தடைபட்டிருக்கட்டும். இணைப்பைக் கேட்வேதான் வெளியே தொடங்க வேண்டும், உதாரணமாக டி.எல்.எஸ். மறையாக்கத்தோடு, கருவிகள் தரவு அனுப்பும் முறையான எம்.க்யூ.டி.டி.யின் 8883 போர்ட்டில். வெளியிலிருந்து உள்ளே எதுவும் வரக் கூடாது. ரிலேக்கள் இந்தக் கேட்வேயின் பக்கமே வர வேண்டாம். பராமரிப்பு நிறுவனத்தாருக்கு வி.பி.என். வேண்டுமென்றால் வேலை நேரத்துக்கு மட்டும் திறந்து, வேலை முடிந்ததும் மூடுங்கள். கைபேசியிலிருந்தே ஃபீடரை ஆஃப் செய்யும் வசதி ஒரு விற்பனைக் கவர்ச்சி, அவ்வளவுதான்.

யாரும் தாக்காமலேயே தரவு பொய் சொல்வதும் உண்டு. 32 பிட் ஃப்ளோட் எண் (தசமப் புள்ளியுள்ள எண்) இரண்டு ரெஜிஸ்டரில் வரும். 415 வோல்ட் என்பது ஹெக்ஸ் எண்முறையில் 43சிஎஃப், 8000 என்ற இரு பகுதிகள். கேட்வே அவற்றை முன்பின்னாகப் படித்தால் கிடைப்பது கிட்டத்தட்ட சுழியம். ஃபேஸ் போய்விட்டதாக எண்ணி ஃபியூஸைத் தேடுவார்கள்.

வேகமும் அப்படித்தான். 9600 பாட் வேகத்தில் 50 ரெஜிஸ்டரைக் கேட்டு வாங்க ஏறக்குறைய 130 மில்லி விநாடி, மீட்டர் யோசிக்க இன்னும் 50 என்று வையுங்கள். 30 மீட்டருக்கு ஒரு சுற்று ஐந்தரை விநாடி. ஒரே ஒரு மீட்டர் செத்துக் கிடந்து, டைம்அவுட் 1 விநாடி, மறுமுயற்சி 3 என்று வைத்திருந்தால் அது மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் 4 விநாடியை விழுங்கும். இப்படிப் பழசாகி வரும் எண்ணை வைத்து லோட் ஷெட்டிங் (சுமை கூடும்போது சில ஃபீடர்களை நிறுத்துவது) செய்ய நினைப்பது ஆபத்து. அந்த முடிவு ஆலைக்குள் இருக்கும் ரிலேயிலோ பி.எல்.சி.யிலோதான் எடுக்கப்பட வேண்டும்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, திட்டமிட்ட ஒரு பராமரிப்பு நேரத்தில் இணையக் கேபிளை ஒரு மணி நேரம் கழற்றி வையுங்கள். டாஷ்போர்டு மட்டும் நின்றால் நல்லது. கெபாசிட்டர் பேங்க், ஜெனரேட்டர், ஏதாவது ஃபீடர் என எதுவும் நடத்தை மாறினால், எங்கோ ஒரு கட்டுப்பாடு வெளியே தொங்கிக்கொண்டிருக்கிறது. அது எதுவென்று கண்டுபிடிக்கும்வரை அந்தச் சுற்றை லோக்கலில் வையுங்கள். கேபிளை மாட்டிய பிறகு அந்த ஒரு மணி நேரத்துத் தரவு கேட்வேயின் நினைவகத்திலிருந்து ஏறுகிறதா, நேர முத்திரை சரியாக இருக்கிறதா என்பதையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.