முதல் அடி தற்காப்பு, இரண்டாவது அடி வழக்கு

போன வாரம் ஒரு அம்மா தன் மகனுக்கு ஜாமீன் எடுக்க வேண்டும் என்று ஈரோட்டில் என் அலுவலகத்துக்கு வந்தார். காங்கேயம் பக்கம். மகனுக்கு இருபத்தாறு வயது, தேங்காய் லோடு அடிக்கும் தோஸ்த் வண்டி ஓட்டுகிறான். இந்த வருடம் இதே மாதிரிக் கதையோடு வரும் நான்காவது குடும்பம் இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். யாரென்று தெரியாமல் இருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒரு கிராமத்து பஸ் ஸ்டாப்பில் குறுக்கே திரும்பிய எக்ஸ்.எல். வண்டியை உரசிவிட்டான். ஓட்டி வந்த பெரியவருக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவரே எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் டீக்கடையில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் சாவியைப் பிடுங்கினார், இன்னொருவர் கதவைத் திறந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். ஏழெட்டுப் பேர் சூழ்ந்துவிட்டார்கள். வாயிலேயே ஒரு குத்து. பையன் சீட்டுக்கு அடியில் கிடந்த வீல் ஸ்பேனரை எடுத்து, தன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தவர் கையில் ஒன்று போட்டான். பிடி விட்டது. கூட்டம் நாலாபக்கமும் சிதறியது.

டீக்கடைக் கேமராவில் பதிவானது அதற்குள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவிட்டது. அந்த அம்மாவும் நானும் என் மேஜையில் வைத்து அதைப் பார்த்தோம். எல்லாரும் விலகிய பிறகு பையன் மூன்று நொடி அப்படியே நிற்கிறான். தோள் ஏறி இறங்குவது தெரிகிறது. வண்டி பக்கத்திலேயே இருக்கிறது, ரோடு காலியாக இருக்கிறது. அப்புறம் திரும்பி, முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருந்த ஒருவரைத் துரத்துகிறான். அவர் பெஞ்சைத் தாண்டுவதற்குள் பின்மண்டையில் அடி. கூட்டம் கலைந்ததிலிருந்து அதுவரை மொத்தம் பதினோரு நொடி.

"அவிய அடிச்சாங்கல்லங்க, அதுக்குத்தானுங்க இவன் அடிச்சான். தற்காப்புன்னு சொன்னா கேஸே வராதுன்னு சொல்றாங்களே, அப்புறம் ஏனுங்க பிடிச்சு வெச்சிருக்காங்க?" என்றார் அந்த அம்மா.

முதல் அடி தற்காப்பு. அதற்காக நான் எந்தக் கோர்ட்டிலும் நின்று வாதாடுவேன். இரண்டாவது அடிக்குக் கொலை முயற்சி என்று எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார்கள்.

"தற்காப்புன்னு சொன்னா கேஸே வராது" என்று யார் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை. லாரி ஆபீஸிலும் சொல்கிறார்கள், தறிப்பட்டறையிலும் சொல்கிறார்கள், படித்தவர்களும் சொல்கிறார்கள். தயவு செய்து இதை ஒரு முறை பொறுமையாகப் படியுங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் (ஐ.பி.சி.) 96 முதல் 106 வரை இருந்தவைதான். தற்காப்பு உரிமையைப் பயன்படுத்திச் செய்த செயல் குற்றம் ஆகாது என்கிறது 34. குற்றம் ஆகாது என்றுதான் இருக்கிறது, கேஸ் பதிவாகாது என்று எங்கேயும் இல்லை. ஸ்டேஷனில் இருப்பவர் கண்ணுக்குத் தெரிவது மண்டை உடைந்த ஒருவரும் ஸ்பேனர் வைத்திருந்த ஒருவரும்தான். இவ்வளவு பெரிய காயத்தோடு புகார் வந்தால் அவர் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். அது தற்காப்பா இல்லையா என்று முடிவு சொல்வது நீதிமன்றம். அதைச் சொல்லி நிலைநாட்ட வேண்டிய பொறுப்பும் உங்களுடையது, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 108-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அரசுத் தரப்பைப் போல சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. நீங்கள் சொல்வதுபோல நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ஆனால் காட்ட வேண்டும். வெறும் வாய்வார்த்தை போதாது.

அடுத்தது, இந்த உரிமைக்கு ஆயுள் மிகக் குறைவு. உடம்புக்கு ஆபத்து என்ற நியாயமான பயம் வந்ததும் அது பிறக்கிறது. பயம் தீர்ந்ததும் செத்துவிடுகிறது. 40-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. எதிராளி முதுகைக் காட்டி ஓடும்போது உங்களுக்கு என்ன ஆபத்து? அதற்குப் பிறகு விழும் ஒவ்வொரு அடியும் பழிவாங்கல். கோர்ட்டில் அதற்கு வேறு பெயர் கிடையாது. அளவு என்றும் ஒன்று உண்டு. தப்பிக்கத் தேவையானதற்கு மேல் அடிக்கக் கூடாது என்கிறது 37. உயிரே போனாலும் குற்றமில்லை என்ற எல்லை வரை போக வேண்டுமானால், உங்கள் உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ பயம் இருக்க வேண்டும். பாலியல் வன்முறை, ஆள் கடத்தல், ஆசிட் வீச்சு மாதிரியானவையும் அந்தப் பட்டியலில் வரும், 38-ஐப் பாருங்கள். சட்டையைப் பிடித்ததும் கெட்ட வார்த்தை சொன்னதும் அதில் வராது.

நேர் எதிரான தப்பெண்ணமும் உண்டு. கூட்டம் அடித்தால் வாங்கிக்கொண்டுதான் நிற்க வேண்டும், கை ஓங்கினால் நாம்தான் உள்ளே போவோம் என்று பயந்து சாகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் சரியில்லை. உயிர் பயத்தில் இருப்பவன் தராசு வைத்து நிறுத்து அடிக்க முடியாது என்பதை நீதிமன்றங்கள் திரும்பத் திரும்ப ஏற்றிருக்கின்றன. 2010-ல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த நெறிகளை வரிசைப்படுத்திச் சொல்லியிருக்கிறது. 44-வது பிரிவுக்கு ஒரு விளக்க உதாரணமே கொலைவெறிக் கூட்டத்தை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. கூட்டம் ஒருவனைக் கொல்ல வருகிறது, சுடாமல் தப்பிக்க வழியில்லை, கூட்டத்தில் குழந்தைகளும் கலந்து நிற்கிறார்கள். அவன் சுட்டதில் ஒரு குழந்தைக்குக் காயம் பட்டாலும் அது குற்றமில்லை என்கிறது சட்டம். அந்த அளவுக்கு இந்த உரிமை பெரியது. அது நிலைப்பது அந்தக் கணத்தில் மட்டும்.

சட்டம் உங்களைக் கோழை மாதிரி ஓடச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், ஓடுங்கள். பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறேன், கூட்டத்தோடு நின்று ஜெயித்து வீட்டுக்குப் போனவன் ஒருவனும் என்னிடம் வந்ததில்லை.

வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பகுதியில் இந்த வழக்குகளில் பாதிக்கு மேல் ரோட்டில்தான் ஆரம்பிக்கின்றன. "நின்னா அடிப்பாங்க, நிக்காம போனா அடிச்சுட்டு ஓடிட்டான்னு கேஸ்" என்று டிரைவர்கள் புலம்புகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவைப் படித்துக் காட்டினால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். விபத்து ஏற்படுத்திய டிரைவர் அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குச் சேர்க்க வேண்டும் என்று சொல்லும் அதே வரியில், கூட்டத்தின் ஆத்திரத்தாலோ தன் சக்திக்கு மீறிய வேறு காரணத்தாலோ அது முடியாமல் போனால் தவிர என்றும் இருக்கிறது. கூட்டத்தின் ஆத்திரம் என்று சட்டமே பெயர் சொல்லி எழுதியிருக்கிறது! அப்படி விலகிப் போனால் செய்ய வேண்டியது ஒன்றுதான். நேராகப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லுங்கள். அதிகபட்சம் 24 மணி நேரம் என்று இருக்கிறது, ஆனால் 24 மணி நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள். வண்டி நகர ஆரம்பித்ததுமே, கூட யாராவது இருந்தால் அவரை 112-க்குப் பேசச் சொல்லுங்கள். "இந்த ஊர் ஸ்டாப்பில் விபத்து, ஒருவருக்கு அடி, 108 அனுப்புங்க, கூட்டம் அடிக்க வந்ததால் இந்த ஸ்டேஷனுக்குப் போகிறேன்." இவ்வளவு போதும். அந்த அழைப்பின் நேரம்தான் நாளைக்கு உங்கள் சாட்சி. மாமன் வீட்டுத் தோட்டத்தில் வண்டியைக் கொண்டுபோய் மறைத்துவிட்டு, மறுநாள் வக்கீலைத் தேடி வந்தால் என்னால் என்ன செய்ய முடியும்?

கூட்டத்துக்குள் வண்டியை விட்டு நெருக்கிக்கொண்டு போவதும் கூடாது. வழி இருந்தால் மட்டும் நகருங்கள். இல்லையென்றால் கதவைப் பூட்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளிருந்தே போன் போடுங்கள். சேலம் கொச்சி நெடுஞ்சாலை என்றால் டோல் கேட் வரை போய் நிற்கலாம். அங்கே வெளிச்சம், கேமரா, ஆள் எல்லாம் இருக்கும்.

நடந்து போகும்போது மாட்டிக்கொண்டால்? சத்தம் போடுகிறவனோடு வாதம் செய்யாதீர்கள். கூட்டத்தில் வயதான ஒருவர் எப்போதும் இருப்பார். அவரைப் பார்த்து, "ஐயா, தப்பு இருந்தா ஸ்டேஷனுக்கு வர்றேனுங்க, நீங்களே கூட வாங்க" என்று சொல்லுங்கள். கையை விரித்துக் காட்டிக்கொண்டே பேசுங்கள். போன், பர்ஸ், வண்டிச் சாவி எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். அவர்கள் முகத்துக்கு நேரே போனைப் பிடித்து வீடியோ எடுக்காதீர்கள், முதல் அடி அந்தக் கையில்தான் விழும். 112-ஐ அழைத்துவிட்டு லைனை வெட்டாமல் பாக்கெட்டில் போடுங்கள். தமிழ்நாடு போலீஸின் காவல் உதவி செயலி போனில் இருந்தால் அதில் சிவப்பு பட்டன் இருக்கிறது. மெடிக்கல் ஷாப், பெட்ரோல் பங்க், கோயில், எது பக்கமோ அதற்குள் நுழையுங்கள். கீழே மட்டும் விழுந்துவிடாதீர்கள். விழுந்துவிட்டால் உடம்பைச் சுருட்டி, இரண்டு கையாலும் பின்மண்டையையும் கழுத்தையும் மூடுங்கள். கொஞ்சம் இடைவெளி கிடைத்ததும் எழுந்து ஓடுங்கள். எவ்வளவு கோபம் வந்தாலும் வாயை அடக்குங்கள். சாதியைச் சொல்லித் திட்டிவிட்டு வன்கொடுமைச் சட்டத்தில் மாட்டினால் முன்ஜாமீன் கிடைப்பது மிகக் கஷ்டம்.

சீட்டுக்கு அடியில் "சும்மா ஒரு பாதுகாப்புக்கு" அருவாள் வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கே எடுத்து வீட்டில் வையுங்கள். தோட்டத்துக்குப் போகிறவர் கையில் அருவாள் இருப்பது வேறு, டவுனில் காரில் இருப்பது வேறு. அந்தக் காரிலிருந்து அது வெளியே வந்த உடனே, முன்கூட்டியே திட்டமிட்டு வந்தான் என்று எதிர்த்தரப்பு சொல்லும், உங்கள் தற்காப்பு வாதம் அங்கேயே நொண்டும். பெண்கள் பெப்பர் ஸ்பிரே வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. அடித்தவுடன் அங்கே நிற்காமல் விலகிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கூட்டத்தில் நிற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை, கெஞ்சியே கேட்கிறேன். பல்லடம் பக்கமும் சிவகிரிப் பக்கமும் தோட்டத்து வீடுகளில் பெரியவர்களைக் கொன்ற பிறகு நம் ஊர்களில் ராத்திரி ரோந்து போகிறார்கள். அந்தப் பயம் எனக்கும் புரிகிறது, என் அம்மாவும் தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறார். ஆனால் ராத்திரி வழி தப்பி வந்த, தமிழ் தெரியாத பனியன் கம்பெனிப் பையனைக் கம்பத்தில் கட்டி வைத்து அடிக்க நமக்கு உரிமை இல்லை. உங்கள் கண் முன்னே ஒருவர், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத, போலீஸ் வாரண்ட் இல்லாமல் பிடிக்கக்கூடிய குற்றம் செய்தால் பிடிக்கலாம். பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-வது பிரிவு சொல்கிறது. அடிக்கச் சொல்லவில்லை. ஐந்து பேர் குற்றம் செய்யும் ஒரே நோக்கத்தோடு சேர்ந்தாலே சட்டவிரோதக் கூட்டம், ஒருவர் அடித்த அடிக்கு ஐவரும் பொறுப்பு. சாதி, மொழி, பிறந்த ஊர் போன்ற காரணத்துக்காக ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொடுங்காயம் செய்தால் ஏழு வருடம் வரை தண்டனை. உயிர் போனால் ஆயுள் அல்லது தூக்கு. "நான் சாவியைத்தானுங்க புடுங்கினேன்" என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களுக்கும் நான் வக்காலத்து போட்டிருக்கிறேன்.

அடிபட்டவர்கள் அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே டாக்டர் ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவது நீங்கள் சொல்வதைத்தான். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எத்தனை பேர், தெரிந்தவர்களா தெரியாதவர்களா, கையாலா கட்டையாலா? இந்த நாலு வரிதான் பின்னால் காயச் சான்றிதழாக வரும். ரத்தம் பட்ட சட்டையைத் துவைக்காதீர்கள். ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். கடைக் கேமராப் பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும், முதல் நாளே எழுதிக் கேளுங்கள். பெரியவர்கள் பேசி முடித்துவைக்கிறோம் என்பார்கள். பேசட்டும், ஆனால் ஆஸ்பத்திரிப் பதிவு முடிந்த பிறகு பேசட்டும்.

தோஸ்த் ஓட்டிய அந்தப் பையனுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கிறது, கழுத்தில் நகம் கீறிய தடம் இருக்கிறது. கூட்டம்தான் முதலில் அடித்தது என்பதற்கு அவன் உடம்பிலேயே இருக்கும் சாட்சி அது. அன்றைக்கு ராத்திரி டாக்டர் எப்படி ஆனது என்று கேட்டிருக்கிறார். ஸ்பேனரை எடுத்தது வெளியே தெரிந்துவிடும் என்ற பயத்தில், வண்டியிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்ததாகச் சொல்லியிருக்கிறான். ஏ.ஆர். காப்பி என் முன்னால் இருக்கிறது. அப்படியே எழுதியிருக்கிறார்கள்.