ஆட்டிசம் உள்ள பிள்ளை குழுவுக்கு லீடர் ஆகலாமா? ஐ.நா. உடன்படிக்கை சொல்வது என்ன?

பிள்ளையைப் பொதுப்பள்ளியில் சேர்த்தாயிற்று, மற்றவர்களோடு உட்காரவும் வைத்தாயிற்று. ஆனால் குழுவாகச் செய்யும் வேலை என்று வந்தால், ஆட்டிசமோ அறிவுத்திறன் குறைபாடோ உள்ள பிள்ளைக்குக் கிடைப்பது பெரும்பாலும் வண்ணம் தீட்டும் வேலைதான். லீடர் எப்போதும் வேறு யாரோ.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் ஏற்கப்பட்டு 2008-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 24-ஆம் பிரிவு உள்ளடக்கிய கல்வியை, அதாவது எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிப்பதை, உரிமையாக்குகிறது. பள்ளி விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் சம வாய்ப்பு வேண்டும் என்கிறது 30-ஆம் பிரிவு. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் பிள்ளை கருத்துச் சொல்லலாம், அதற்கு ஏற்ற உதவியும் தர வேண்டும் என்பது 7-ஆம் பிரிவு. வகுப்பில் யார் லீடர் என்பதற்குத் தனி விதி கிடையாதுதான். ஆனால் குறைபாட்டை மட்டும் காரணம் காட்டி அந்தப் பொறுப்பை மறுப்பது இவற்றோடு ஒத்துப்போகாது என்றே நான் நினைக்கிறேன்.

பாடம், கற்பிக்கும் முறை எதையும் மாற்றாமல் பிள்ளையைக் கொண்டுவந்து உட்கார வைப்பது உள்ளடக்கிய கல்வி ஆகாது என்று, உடன்படிக்கையின் நடைமுறையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 2016-இல் விளக்கியது.

சரி, நடைமுறையில்? நாலு பேர் சேர்ந்து பாடத்துக்காக ஒரு மாதிரி வடிவம் செய்கிறார்கள் என்று வையுங்கள். அதிகம் பேசாத பிள்ளை லீடர். அவளிடம் படம் போட்ட அட்டைகள் இருக்கும். அடுத்த வேலைக்கான அட்டையை அவள் காட்டினால்தான் மற்றவர்கள் அதைத் தொடங்கலாம். அவள் யோசிக்கும் நேரத்தில் யாரும் முந்திக்கொள்ளக் கூடாது. மற்ற மூவருக்கும் இதில்தான் சிரமம். காத்திருக்கப் பழக வேண்டும். அடுத்த வாரம் லீடர் மாறுவார். ஒரே பிள்ளையை நிரந்தர உதவியாளராக அவள் பக்கத்தில் உட்கார வைக்கும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. அதில் ஒருவர் கொடுத்துக்கொண்டே இருப்பார், இன்னொருவர் வாங்கிக்கொண்டே இருப்பார்.

அட்டை, கூடுதல் நேரம், சத்தம் குறைந்த இடம் போன்ற மாற்றங்கள் 'நியாயமான இணக்க வசதி'யில், அதாவது அந்தப் பிள்ளையின் தேவைக்கேற்பச் செய்து தரும் மாற்றங்களில், அடங்கும். அளவுக்கு மீறிய சுமை இல்லாதபோதும் அதை மறுத்தால், 2-ஆம் பிரிவின்படி அது பாகுபாடு.

உடன்படிக்கை கட்டுப்படுத்துவது அதை ஏற்ற அரசுகளை. பள்ளிக்கு அது உள்நாட்டுச் சட்டத்தின் வழியாகத்தான் வரும். எனவே பள்ளிக்குத் தரும் கோரிக்கையில் அந்த உள்நாட்டுச் சட்டத்தின் பிரிவையும் குறிப்பிட்டு, என்ன வசதி, எந்த நேரத்தில் என்று எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்திலேயே வாங்குங்கள். அப்புறம் மேல்முறையீட்டுக்கு அந்தக் கடிதம் தேவைப்படும்.