சாலைக்குப் போகும் பழைய வீடு: இழப்பீடு எங்கே குறைகிறது

தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்த ஊருக்குள் இருக்கும் வீட்டை 1956ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி எடுப்பார்கள். பணத்துக்கு மட்டும் 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் கணக்கு. பின்னணி இவ்வளவு போதும்.

நிலத்தை எடுக்கப் போகிறோம் என்று சொல்லும் அறிவிப்பு (1956 சட்டத்தின் 3ஏ பிரிவு) அரசிதழிலும் இரண்டு உள்ளூர் நாளிதழ்களிலும் வரும். கதவைத் தட்டிச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். அதில் உங்கள் சர்வே எண்ணைத் தேடுங்கள். அரசிதழில் வந்த தேதியிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபனையை எழுத்தில் தர வேண்டும். நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். "சார் கேம்ப் போயிருக்கார், திங்கக்கிழமை வாங்க" என்பதிலேயே ஒரு வாரம் கரையும்.

பழைய வீட்டுக்கு முதல் அடி திண்ணையில் விழும். நகர நில அளவைப் பதிவேட்டில் எல்லைக்கோடு சுவரோடு நின்றிருந்தால், திண்ணையும் படியும் 'புறம்போக்கு ஆக்கிரமிப்பு' ஆகிவிடும். அதற்குக் காசு வராது. மூலப்பத்திரத்தின் நான்கெல்லையையும் அளவையும் எடுத்துப் பாருங்கள். திண்ணையும் அதற்குள் வந்தால், அதிகாரிகள் சேர்ந்து வந்து அளக்கும் கூட்டு அளவைக்கு முன்பே சர்வேயர் அளவைக்கு மனுப் போடுங்கள். ஆக்கிரமிப்புப் பட்டியலில் ஏறிய பிறகு இறக்குவது பெரும்பாடு. வீட்டு வரி ரசீதுக் கட்டு அங்கே உதவாது. அது உரிமை ஆவணம் இல்லை.

பட்டா இன்னும் தாத்தா பெயரிலா? வாரிசுச் சான்று, பட்டா மாற்றம் இரண்டையும் இன்றே தொடங்குங்கள். பங்காளிகளுக்குள் பங்கீட்டுத் தகராறு என்றால் விவகாரம் சிவில் நீதிமன்றத்துக்குப் போகும். வீடு இடிந்திருக்கும், பணம் வழக்கில் கிடக்கும்.

பெரிய இழப்பு கட்டட மதிப்பீட்டில்தான். பொறியாளர் கையில் இருப்பது பொதுப்பணித் துறை விலைப்பட்டியல். தேக்குத் தூண், செதுக்கிய நிலைக்கதவு, சுண்ணாம்புக் காரைச் சுவர், ஆத்தங்குடிக் கல் தரை எல்லாம் சதுர மீட்டருக்கு ஒரே விலையில் அடங்கிவிடும். வயதைக் காட்டித் தேய்மானமும் கழிப்பார்கள். தூண் எத்தனை, சுற்றளவு என்ன, உத்தரம் எத்தனை அடி, என்ன மரம் என்று நீங்களே பட்டியல் எழுதி, அளவுநாடா வைத்துப் படமெடுத்து, தனியார் மதிப்பீட்டாளர் அறிக்கையோடு கொடுங்கள். இழப்பீட்டின் மேல் 100 சதவீத ஆறுதல் தொகை உண்டு. கட்டட மதிப்பில் 1 ரூபாய் விடுபட்டால் உங்களுக்கு 2 ரூபாய் போகிறது. இடித்த மரம் யாருக்கு, அதற்கு எவ்வளவு கழித்தார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

முன்பக்கம் 3 மீட்டர்தான் போகிறது என்றால் நிம்மதி அடையாதீர்கள். இந்த வீடுகளில் கூரையின் பாரம் சுவர்மேல். முன்சுவரை எடுத்தால் முற்றம் வரைக்கும் கைமரங்கள் பிடி இழக்கும். மதிப்பீடோ வெட்டிய பரப்போடு நின்றுவிடும். மிச்ச வீட்டுக்கு வரும் சேதமும், குடிபெயரும் செலவும் 2013 சட்டத்தின் 28ஆம் பிரிவில் தனித் தலைப்புகள். கோரிக்கையில் தனித்தனியாக எழுதுங்கள்.

அளவைத் தாளில் காலிக் கட்டம் இருந்தால் கையெழுத்து வேண்டாம். பணம் வாங்கும்போது "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். "அப்படி எழுதினா செக் வராது" என்பார்கள். தொகை போதாவிட்டால் நடுவரிடம் போக 1956 சட்டத்தின் 3ஜி(5) பிரிவு வழி விடுகிறது. அந்த மனுவுக்கு, இழப்பீட்டுத் தொகையை முடிவுசெய்த தீர்ப்பாணையின் நகல், மதிப்பீட்டுத் தாள், உங்கள் தூண் பட்டியல் மூன்றும் வேண்டும்.