மண்டையோட்டு விரிசல் சொல்லும் சாட்சி

தொடக்ககால உழவர் ஊர்களில் நடந்த மோதல்களைப் பற்றிப் படித்த வாசகர் ஒருவர் நியாயமான கேள்வி ஒன்றை எழுப்பியிருந்தார்: 7,000 ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த எலும்பு மண்ணின் பாரத்தாலேயே உடைந்திருக்கலாமே, அதைக் கொலை என்று எப்படித் துணிந்து சொல்கிறார்கள்?

தென்மேற்கு ஜெர்மனியில் ஹைல்ப்ரான் நகருக்கு அருகிலுள்ள டால்ஹைமில் 1983ஆம் ஆண்டு வெளிப்பட்ட குழியை எடுத்துக்கொள்வோம். சுமார் 3 மீட்டர் நீளமே உள்ள அந்தக் குழியில், பெரியவர்கள் 18 பேரும் சிறார்கள் 16 பேருமாக 34 பேர் தாறுமாறாகக் குவிந்து கிடந்தனர். காலம் ஏறத்தாழ கி.மு. 5000. மத்திய ஐரோப்பாவின் முதல் உழவர்களான இம்மக்கள், இறந்தவரை ஒருக்களித்துக் கிடத்தி, முழங்காலை மடக்கிப் புதைக்கும் வழக்கமுடையவர்கள். இந்த 34 பேரில் எவருக்கும் அந்த மரியாதை செய்யப்படவில்லை.

இனி உடைப்புக்கு வருவோம். வேப்பமரத்துப் பச்சைக் கிளையை ஒடித்தால் அது வளைந்து, நார் தொங்க முறியும். அடுப்புச் சுள்ளியோ படக்கென்று இரண்டாகும். எலும்பிலும் இதே வேறுபாடு உண்டு. கடினத்தைத் தாதுப்பொருளும் நெகிழ்வைக் கொலாஜன் என்னும் புரதமும் தருகின்றன. உயிருள்ள எலும்பு அடிபடும்போது கொலாஜன் இழுத்துப் பிடிப்பதால், உடைந்த விளிம்பு வழுவழுப்பாகவும் கூராகவும் அமைகிறது. சில்லுகள் முழுவதும் கழன்று விழாமல் ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. புரதம் அழிந்தபின் மண் அழுத்தி உடைத்தால் விளிம்பு சொரசொரப்பாக இருக்கும். அண்மையில் உடைந்ததாயின் நிறமும் வெளிறித் தெரியும். காயம் பட்டவர் சில வாரங்கள் பிழைத்திருந்தால் புது எலும்பு வளர்ந்து விளிம்பு மழுங்கியிருக்கும். மழுங்காத பச்சை உடைப்பு என்றால், அடி விழுந்தது இறப்பை ஒட்டிய வேளையில்தான்.

மண்டையோடு இதற்கு மேலும் பேசும். எலும்பு அமுக்கத்தைத் தாங்கும் அளவுக்கு இழுப்பைத் தாங்காது. வெளியிலிருந்து அடி விழும்போது வெளித்தகடு அமுங்குகிறது, உட்தகடோ வளைந்து இழுபடுகிறது. அதனால் உட்புறம் அகலமாகப் பெயர்ந்துவிட, ஓட்டை வெளியே சிறிதாகவும் உள்ளே பெரிதாகவும் அமைகிறது. அடி வந்த திசைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அடிபட்ட இடத்திலிருந்து விரிசல்களும் கிளம்பி ஓடுகின்றன. இரண்டாம் அடியின் விரிசல் முதல் விரிசலைச் சந்தித்தால் அங்கேயே நின்றுவிடும், ஏனெனில் மேலே கடத்திச் செல்ல அங்கே தொடர்ச்சியான எலும்பு இல்லை. கீறல் விழுந்த மண்பானையை மறுபடி தட்டிப் பார்த்தால் இதைக் கண்ணாலேயே காணலாம். எந்த விரிசல் எதில் முட்டி நிற்கிறது என்று பார்த்து, 7,000 ஆண்டுகளுக்கு முந்தைய அடிகளை வரிசைப்படுத்த முடிகிறது என்பது எனக்கு இன்றளவும் வியப்பளிக்கிறது.

டால்ஹைம் மண்டையோடுகளின் ஓட்டைகள் பலவற்றின் வடிவம், அக்கால உழவர்கள் மரம் செதுக்கப் பயன்படுத்திய கல் வாய்ச்சியின் முனையோடு பொருந்துகிறது. கொன்றவர்களும் அதே வகைக் கருவியை வைத்திருந்த உழவர்களே என்று ஆய்வாளர்கள் முடிவு செய்வது இதனால்தான். அடிகளில் பெரும்பாலானவை பின்தலையில் விழுந்தவை. அடியைத் தடுக்கக் கை உயர்த்தினால் முன்கை எலும்பு முறியும்; அத்தகைய முறிவுகள் அங்கே காணப்படவில்லை. அவர்கள் தப்பியோடியிருக்க வேண்டும், அல்லது தடுக்க முடியாத நிலையில் இருந்திருக்க வேண்டும்.

வேளாண்மைதான் வன்முறையைப் பெற்றெடுத்தது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. கென்யாவின் நடருக்கில் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் கொல்லப்பட்டவர்கள் வேட்டையாடி உணவு தேடியவர்களே.

டால்ஹைமின் பற்களை, அகழ்ந்து இருபது ஆண்டுகளுக்குப் பின் ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்பு முறையில் (ஒருவர் சிறுவயதில் எந்தப் பகுதியில் வளர்ந்தார் என்பதைப் பல்லில் பதிந்த தாதுவைக் கொண்டு அறியும் முறை) ஆராய முடிந்ததற்குக் காரணம், அவை பத்திரமாக வைக்கப்பட்டிருந்ததுதான். தோண்டுவதற்கு மட்டும் நிதி ஒதுக்கி, எலும்புகளைக் காக்கவும் ஆராயவும் ஒதுக்காமல் விடுவது தோண்டாமல் இருப்பதைவிட மோசம். 2006இல் ஜெர்மனியின் கிலியான்ஷ்டெட்டனில் சாலைப் பணியின்போது கிடைத்த 26 பேரின் எலும்புகளை, 2015இல் வெளியான விரிவான ஆய்வு துண்டு துண்டாகப் பார்த்தது. அவர்களில் பலருடைய கீழ்க்கால் எலும்புகள் வேண்டுமென்றே முறிக்கப்பட்டிருந்தன. முறிவின் விளிம்புகள் பச்சை எலும்புக்கு உரியவை. இளம்பெண்கள் மட்டும் அந்தக் குழியில் இல்லை. அவர்கள் சிறைபிடித்துச் செல்லப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.